குடிவழியும் மூதாட்டியர் நினைவும்

நம் வகுப்பு மாணவரை நோக்கி, ‘உம் பாட்டனார் பெயர் யாது?’ என வினவினால் விடை உடனே வருகின்றது. பாட்டனாரின் தந்தை பெயரைக் கேட்டால் பாதிப்பேர் மேற்கூரையை நோக்குகின்றனர். பாட்டியின் தாயார் பெயரைக் கேட்டாலோ வகுப்பு முழுதும் அமைதியாகி விடுகின்றது. இஃது அம்மாணவரின் குறையன்று. தந்தை பெயரின் முதலெழுத்தை மட்டும் தலைப்பெழுத்தாகத் தாங்கி, அதற்கு முன்னைய தலைமுறையைத் தாளில் எங்கும் எழுதாது வாழும் வழக்கம் நம்முடையது. குடும்பப் பெயர் ஒன்று வழிவழியாக வருமாயின் அதனைப் பற்றிக்கொண்டு மேலே ஏறலாம். நமக்கு அக்கொழுகொம்பு இல்லை.

மற்றொன்று உண்டு. ‘பேரன்’ என்னும் சொல் ‘பெயரன்’ என்பதன் மரூஉ. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பது பொருள். ஒரு பெயர் ஒன்றுவிட்ட தலைமுறைதோறும் திரும்பி வருவதால் ஒரு குடும்பத்தை மற்றொரு குடும்பத்தினின்று பிரித்தறிய அது துணையாகின்றது. அதே காரணத்தால் பாட்டனையும் பேரனையும் ஒருவராகக் கொண்டு மயங்கவும் இடந்தருகின்றது. குடிவழி தேடப் புகுவோர் முதலில் இடறும் கல் இதுவேயாகும்.

தமிழர்க்குத் தலைமுறை உரைக்கும் மரபே இல்லை எனக் கருதற்க. பதிற்றுப்பத்தின் பதிகங்கள் சேர மன்னரின் தந்தையைச் சுட்டுவதோடு ஈன்ற தாயையும் சுட்டும் இயல்பின. உமறுப் புலவர் சீறாப்புராணத்தில் நாட்டையும் நகரையும் பாடிய பின், தலைமுறைப் படலம் என ஒரு படலம் வகுத்தே நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அவதாரத்தைப் பாடப் புகுகின்றார். உ.வே. சாமிநாதையர் தம் வரலாற்றை எழுதுங்கால் ஊரையும் முன்னோரையும் கூறிய பின்னரே தம்மைக் கூறுகின்றார். மன்னர்க்கும் நபிமார்க்கும் பேரறிஞர்க்கும் தலைமுறை எழுதப்பட்டது. பாலக்கரையில் தோல் பதனிட்டவருக்கும், உறையூரில் நெய்தவருக்கும் சுருட்டுச் சுற்றியவருக்கும் அதனை எழுதுவார் யார்? இதுவே நம் வினா.

இன்று இத்தேடல் பலரிடத்தும் ஒரு வேட்கையாகப் பரவியுள்ளது. வரவேற்கத்தக்கதே. ஆயினும் தேடுவோர் சிலர் விடையை முன்னரே முடிவு செய்துகொண்டு புறப்படுகின்றனர். அரபு நாட்டு வணிகரிடத்தோ, ஆர்க்காட்டு நவாபின் அவையிடத்தோ தம் குலம் தொடங்க வேண்டும் என்பது அவர்தம் விருப்பம். அங்கிருந்து கீழ்நோக்கி இறங்கி வந்து தம் வீட்டு வாயிலில் கோட்டை முடிக்கின்றனர். இடையில் உள்ள பத்துத் தலைமுறையும் வெற்றிடம். குடிவழி என்பது வீட்டு வாயிலில் தொடங்கி மேலே செல்வது. சென்ற அளவே நம்முடையது.

மேலே செல்ல நினைப்பவர் நாடும் முதற்சான்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. சென்னை மாகாணத்தில் 1871 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் அறிக்கையைக் கார்னிஷ் என்பார் தொகுத்தார். 1881 முதல் நாடு முழுதும் ஒரே காலத்தில் பத்தாண்டுக்கொரு முறை எண்ணும் முறை வழங்கலாயிற்று. அவ்வறிக்கைகளைத் திறந்து பார்த்தால் நம் நகரின் வளர்ச்சி கண்முன் விரிகின்றது. 1871 இல் திருச்சிராப்பள்ளியின் மக்கள் 76,530 பேர். 1901 இல் 1,04,721. 1911 இல் 1,23,512. அடுத்த பத்தாண்டில் மட்டும் எண் இறங்குகின்றது: 1921 இல் 1,20,422. மூவாயிரத்துத் தொண்ணூறு பேர் குறைவு. இந்திய நாடு முழுவதிலுமே மக்கள்தொகை குறைந்த பத்தாண்டு அது. 1918 இல் பரவிய இன்புளுவன்சாக் காய்ச்சல் அதற்குத் தலையாய காரணம். அந்தக் காய்ச்சலில் எவர் வீட்டில் எவர் மறைந்தனர் என்பதை மட்டும் அவ்வறிக்கை கூறாது. அதன் அட்டவணைகளில் சமயம் உண்டு, சாதி உண்டு, தொழில் உண்டு, மொழி உண்டு. இராவுத்தர் இத்துணையர், இலப்பை இத்துணையர் என்னும் தொகை உண்டு. ஆள் மட்டும் இல்லை.

பெயர்களை எழுதிய வீட்டுத் தாள்கள் என்னவாயின? அட்டவணை ஆக்கிய பின்னர் அவை காக்கப்படவில்லை. சட்டமும் அவற்றை மூடியே வைத்தது. 1948 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15 ஆம் பிரிவின்படி அவ்வேடுகளை எவரும் பார்வையிட இயலாது; வழக்கு மன்றத்தில் சான்றாகவும் காட்ட இயலாது. இங்கிலாந்தில் நூறாண்டு கழிந்ததும் திறந்து விடுகின்றனர். அந்நாட்டின் 1921 ஆம் ஆண்டு ஏடுகள் 2022 சனவரியில் வெளியாயின. அமெரிக்கர் எழுபத்திரண்டு ஆண்டு காத்திருக்கின்றனர். 1950 ஆம் ஆண்டு ஏடுகளை 2022 ஏப்பிரலில் அவர்கள் கண்டனர். அங்கே ஒரு பேரன் தன் பாட்டன் எந்தத் தெருவில் எவரோடு குடியிருந்தான், என்ன தொழில் செய்தான் என்பதை ஒரு மாலைப்பொழுதில் அறிந்துகொள்கின்றான். வாழும் மனிதரின் மறைபொருளைக் காப்பது தக்கதே. நாமும் அதனை மறுக்கவில்லை. ஆயின் நூறாண்டுக்கு முன் மறைந்தவரின் மறைபொருளை அவர்தம் பேரர்களிடமிருந்து யாருக்காகக் காக்க வேண்டும்?

இதனினும் வியப்பான செய்தி ஒன்றை ஈண்டுக் கூறுதல் வேண்டும். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் சென்று சேர்ந்தது. அது தொடங்கி 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக அங்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவருள் தமிழர் மிகப் பலர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் இட்டு, பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், வட்டம், ஊர், உயரம், உடலில் உள்ள தழும்பு ஈறாக எழுதி வைத்தனர். அப்பட்டியல்கள் இன்றும் உள்ளன. அவற்றைக் கையில் ஏந்தி, ஐந்தாம் தலைமுறையில் தம் ஊர் தேடித் தமிழகம் வருவோர் உளர். தந்தை பெயரும் ஊரும் மட்டுமன்றி, பாட்டனுக்கு எந்தக் காலில் தழும்பு என்பதும் அவர்கட்குத் தெரிகின்றது. கூலியாக விற்கப்பட்டவனுக்கு வரலாறு இருக்கின்றது. ஊரை விட்டு அகலாது இருந்த அவன் தம்பிக்கு இல்லை. உடைமையாகக் கணக்கெடுக்கப்பட்டமையால் அவன் நிலைத்தான். இந்த நகைமுரணை எண்ணுந்தோறும் நம் உள்ளம் ஒருநிலைப்படுவதில்லை.

கல்லறைகள் பேசுமா?

பேசும், எல்லாருக்குமாகப் பேசா. நம் நகரின் நத்ஹர் வலி தர்காவில் இரு பெருந்தலைவரின் அடக்கத் தலங்கள் உள்ளன. ஒருவர் 1752 இல் கொல்லப்பட்ட சந்தா சாகிபு. மற்றவர் 1795 இல் மறைந்த நவாபு முகம்மது அலி வாலாஜா. ஆர்க்காட்டு அரியணைக்காக வாழ்நாளில் ஒருவரையொருவர் அழிக்க முனைந்த இருவரும் ஒரே வளாகத்தில் உறங்குகின்றனர். அந்நகரப் போரில் இருபுறமும் மடிந்த எளிய படைவீரர்க்குப் பெயர்ப்பலகை எங்கும் இல்லை. அயலார் நிலை வேறு. 1826 ஏப்பிரல் 3 இல் திருச்சியில் உயிர்நீத்த ஆயர் ஹீபரின் கல்லறை தூய யோவான் ஆலயத்தில் இன்றும் உள்ளது. சென்னை மாகாணத்து ஐரோப்பியர் கல்லறை வாசகங்களை ஜே.ஜே. காட்டன் என்பார் திரட்டி 1905 இல் நூலாக்கினார். தம்மவர் கல்லறைகளைக் காக்கவும் பதியவும் 1976 இல் இங்கிலாந்தில் ஒரு சங்கமே அமைத்தனர்.

நம் கபுருஸ்தான்களின் நிலை யாவரும் அறிந்ததே. அடக்கத்தலத்தை எளிமையாக விடுதல் வேண்டும் என்பது மார்க்க நெறி. தலைமாட்டில் ஒன்றும் கால்மாட்டில் ஒன்றுமாக நட்ட மீசான் கற்களில் பெரும்பாலும் எழுத்து இராது. நகரத்தில் இடம் குறுகியமையால் சில ஆண்டுகட்குப் பின் அதே குழியில் மற்றொருவரை அடக்குவர். இதில் குறை காண நாம் வரவில்லை. மண்ணுக்கு மண்ணாதலே அதன் கருத்து. ஆயினும் பளிங்குக் கல் நாட்டுவது ஒன்று, யார் எங்கு அடங்கியுள்ளார் என்று பள்ளிவாசலில் ஓர் ஏடு வைத்திருப்பது மற்றொன்று. பின்னதனை மார்க்கம் தடுக்கவில்லை. நம் சோம்பலே தடுத்தது. இன்று வேம்பு நின்ற இடம், கிணற்றுக்கு மேற்கு, சுவரிலிருந்து நான்காவது என்று முதியவர் ஒருவர் விரல் நீட்டிக் காட்டுவதே நம் பதிவேடு. வேம்பை வெட்டினால் அதுவும் போயிற்று!

காவிரிப் பாலத்தைக் கடந்து திருவரங்கம் சென்றால் வேறொரு முறையைக் காணலாம். அரங்கன் கோயிற் சுவர்களில் அறுநூற்றுக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் 24 ஆம் தொகுதி முழுவதும் அவையே. ஒரு விளக்குக்குப் பொருள் ஈந்தவனின் பெயரும் ஊரும் ஆயிரம் ஆண்டாக அங்கே நிற்கின்றன. கொடுத்தவன் கல்லில் நின்றான். அவ்விளக்குக்கு நாளும் திரியிட்டவளோ நிற்கவில்லை. கல்லினும் நம்மை ஈர்த்தது அம்மா மண்டபப் படித்துறை. ஆடி அமாவாசையன்று அங்கே தர்ப்பணம் செய்வோர் தந்தை, பாட்டன், முப்பாட்டன் எனவும், தாய், பாட்டி, முப்பாட்டி எனவும், பின்னர் தாய்வழியிலும் மும்மூன்று பெயர்களை வாய்விட்டுச் சொல்லி நீர் இறைக்கின்றனர். பெண்களின் பெயர்களும் அவற்றுள் உண்டு என்பது நோக்கத்தக்கது. சமய நோக்கை ஒருபுறம் வைத்து ஓர் ஆய்வாளன் கண்கொண்டு நோக்கினால், ஏடும் எழுத்தும் இன்றி மூன்று தலைமுறையை மனப்பாடமாகக் காக்கும் கல்விமுறை அது. நம் வீடுகளிலும் முன்னாளில் பாத்திஹா ஓதுங்கால் மறைந்தோர் பெயர்களை வரிசைப்படக் கூறுவர். நம் நன்னி கூறக் கேட்டிருக்கின்றோம். இன்று ‘எல்லா முன்னோருக்கும்’ என்று ஒரே சொல்லில் முடித்து விடுகின்றனர்.

எழுத்துச் சான்று அறவே இல்லை என்பதற்கில்லை. இரண்டு இடங்களை மாணவர்க்குச் சுட்டுவோம். ஒன்று, பழைய கிரயப் பத்திரங்கள். இசுலாமியப் பெண்டிர்க்குச் சொத்துரிமை உண்டாதலின், விற்றவராகவும் வாங்கியவராகவும் அவர்தம் பெயர் ‘இன்னார் மகள், இன்னார் மனைவி’ என முழுமையாக அங்கே வரும். நான்கெல்லை கூறும் பகுதியை ஊன்றிப் படித்தல் வேண்டும். நம் பாட்டனாரின் சொந்தப் பத்திரம் தொலைந்திருக்கலாம். அண்டை வீட்டாரின் பத்திரத்தில் ‘கீழ்பால் எல்லை’யாக அவர் நின்றுகொண்டிருப்பார். இரண்டாவது, பள்ளிவாசல்களின் நிக்காஹ் தப்தர்கள். மணமக்கள், தந்தையர், வலீ, சாட்சிகள், மகர்த் தொகை, நாள் ஆகியன ஒரே பக்கத்தில் அமைந்த இவ்வேடுகளுக்கு ஈடான குடும்ப ஆவணம் நம் சமுதாயத்தில் வேறில்லை. எத்துணை ஊர்களில் இவை கரையானுக்கு உணவாகின்றன! நகராட்சியின் பிறப்பு இறப்புப் பதிவுகளும் உள. 1899 ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டத்தின் வழியே அவை ஒழுங்குற்றன. ஆயின் அவற்றில் குழந்தைக்குப் பெயரின்றி, ‘இன்னாருக்குப் பெண்’ என்று மட்டுமே எழுதியிருக்கும் வரிகள் பல.

இனி நம் சொந்தக் குடும்பத்துச் செய்தி ஒன்றினைக் கூறுவோம். நம் பூட்டனார் பிழைப்புத் தேடிப் பர்மா சென்றவர். 1941 திசம்பரில் இரங்கூன் மீது சப்பானியர் குண்டு வீசியபின் அவர் திரும்பவில்லை என்பதே நம் அத்தா வழியில் வழங்கிய கதை. அத்தாவின் பெரியத்தா மகளார், நமக்கு மாமி முறையாகும் மூதாட்டியார், வயது எண்பத்தாறு. அவர் இக்கதையைக் கேட்டு நகைத்தார். “திரும்பலையா? அவுக மடியில உட்கார்ந்து நான் பேரீச்சம்பழம் தின்னுருக்கேன் தம்பி” என்றார். ஒரு பள்ளிவாசலின் நிக்காஹ் தப்தரில் 1946 ஆம் ஆண்டுப் பக்கமொன்றில் சாட்சியாகப் பூட்டனாரின் கையெழுத்து இருந்தது. மூதாட்டியார் கூற்று மெய்.

அங்ஙனமாயின், திரும்பியவரை ஏன் திரும்பாதவராக்கினர்? பர்மாவில் அவர்க்கு மற்றொரு மனைவியும் ஒரு மகளும் இருந்தனர். அவர்களை அங்கேயே விட்டு நடந்து வந்தார். ஈராண்டு திண்ணையில் அமர்ந்து எவரோடும் அதிகம் பேசாது வாழ்ந்து மறைந்தார். வந்தவரைப் பற்றிப் பேசினால் வராதவரைப் பற்றியும் பேச வேண்டி வரும். ஆதலின் அவரையே வராதவராக்கி விட்டனர். அப்பெண் குழந்தையின் பெயர் மாமிக்குத் தெரியும். கூறிய பின், “எழுதிப்புடாத தம்பி” என்று நம் கையைப் பற்றினார். உறவினர் சிலரும் அதனையே வற்புறுத்தினர். குடும்ப மானம் என்றனர். நாம் உடன்படவில்லை. அச்சிட்டு ஊரறியச் செய்ய வேண்டுவதில்லை; எனினும் வீட்டு ஏட்டில் அப்பெயர் இருத்தல் வேண்டும். தந்தை விட்டுச் சென்றமை அப்பெண்ணின் குற்றமன்று. அவள் வழியினர் எங்கேனும் வாழ்வராயின் அவரும் நம் இரத்த உறவே. உறவைச் சேர்ந்து வாழும் பொருட்டே வம்சத்தை அறிந்துகொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியுள்ளார்கள் என்பதை மானம் பேசுவோர் எண்ணிப் பார்த்தல் நலம்.

நினைவு பிழைபடாதா எனலாம். பிழைபடும். மாமியாரே ஒரு திருமணத்தை ஐந்தாண்டு முன்தள்ளிக் கூறினார். ஆதலின் ஒருவரிடம் மட்டும் கேட்டு எழுதுதல் கூடாது. தாய்வழியில் ஒருவரையும் தந்தைவழியில் ஒருவரையும் தனித்தனியே கேட்டு ஒப்பிடுதல் வேண்டும். ஆண்டு எது எனக் கேட்டால் அவர்கட்கு விடை வாராது. எந்த வெள்ளம், எந்தப் புயல், எந்தக் காய்ச்சல் எனக் கேட்க வேண்டும். ‘பெரிய வெள்ளத்துக்கு மறுமாதம் பிறந்தவர்’ என்றால் அது 1924 ஆம் ஆண்டு ஆகத்து என்று கொள்ளலாம். ‘திருச்சிக்குள் தண்ணி வந்தபோது’ என்றால் 1977 நவம்பர். பள்ளிச் சான்றிதழைவிட இது நம்பத்தக்கது. சான்றிதழ்ப்படி நம் ஊர்ப் பெரியவருட் பலரும் சூன் மாதத்தில் பிறந்தவரே அன்றோ!

எந்த ஏட்டிலும் ஏறாத உறவு ஒன்றையும் பெண்களே காக்கின்றனர். அது பால்குடி உறவு. ஒரு தாயிடம் பாலுண்ட குழந்தைகள் உடன்பிறந்தாராகக் கருதப்படுவர். அவர்க்குள் மணம் ஆகாது என்பது மார்க்கச் சட்டம். யார் யாருக்குப் பாலூட்டினார் என்பது எந்த அரசு அலுவலகத்திலும் இல்லை, தப்தரிலும் இல்லை. நெருங்கிய உறவுக்குள் மணம் பேசும் நம் குடும்பங்களில், ஒரு மூதாட்டியின் மறைவோடு அவ்வறிவும் மறைந்தால் விளைவு யாது என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இவையெல்லாம் பொழுதுபோக்கு எனக் கருதும் காலமும் கடந்துவிட்டது. அசாம் மாநிலத்தில் 1951 ஆம் ஆண்டுப் பதிவேட்டிலோ 1971 மார்ச்சு 24 வரையிலான ஆவணங்களிலோ தம் முன்னோர் பெயரைக் காட்டி, அவரோடு தமக்குள்ள உறவையும் மெய்ப்பிக்குமாறு மக்கள் பணிக்கப்பட்டனர். 2019 ஆகத்து 31 இல் வெளியான இறுதிப் பட்டியலில் 19,06,657 பேருக்கு இடமில்லை. பள்ளி செல்லாது இளமையிலேயே மணமாகி வேற்றூர் சென்ற பெண்கள், தாம் இன்னார் மகள் என்பதை நிறுவ ஊராட்சிச் சான்றை நம்பி நிற்க நேர்ந்தது. நம் மாநிலத்திலும் 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, இருபதாண்டுக்கு முந்தைய பட்டியலில் தம் பெயரோ பெற்றோர் பெயரோ எங்குள்ளது என்று வீடுதோறும் தேடினர். தேடியபோதுதான் தாயின் பெயர் மூன்று ஆவணங்களில் மூன்று விதமாக இருப்பதைப் பலர் கண்டனர். பீவி ஓரிடத்தில் பேகம், மற்றோரிடத்தில் அம்மாள்.

2021 இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடைபெறவில்லை. 2027 மார்ச்சு 1 ஆம் நாளை அடிப்படையாகக் கொண்டு அடுத்த கணக்கெடுப்பு நிகழும் என அரசு அறிவித்துள்ளது. அரசின் படி நமக்குக் கிடைக்காது. ஆயின் நம் விடைகளை நாமே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. கணக்கெடுப்பாளர் வந்து செல்லும் அன்றே, அவரிடம் கூறிய யாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுக. வீட்டில் உள்ளோர் அனைவரின் முழுப்பெயர், பிறந்த ஊர், பெண்கள் எந்த வீட்டிலிருந்து வந்தனர், எந்த வீட்டுக்குச் சென்றனர் என்பனவும், மறைந்தோர் எங்கு அடக்கமாயினர் என்பதும் அதில் இடம்பெறுக. ஊர் ஜமாஅத்தார் இசைவு பெற்று நிக்காஹ் தப்தர்களைக் கைப்பேசியிலேனும் படமெடுத்து வைக்கலாம். அதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை.

தமிழ்த்துறை மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது தாள் இருபது பக்கமும் பேனாவும் உடன் கொண்டு, வீட்டில் மூத்த பெண்மணி எவரோ அவரிடம் அமர்க. பேச்சு எவ்வாறு வருகின்றதோ அவ்வாறே எழுதுக, செந்தமிழாக்குதல் வேண்டா. முதலில் பால்குடி உறவுகளைக் கேட்டு எழுதிய பின் மற்றவற்றைக் கேட்கலாம். பத்திரமும் தப்தரும் இன்னும் சிறிது காலம் காத்திருக்கும்.